இரண்டு வாய்க்கால் தண்ணீர்

1983 சித்திரையில் போலகம் குளம் முழங்கால் அளவுக்கு வற்றிவிட்டது. அதைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்த மரியசெல்வத்துக்கு இரண்டே வழி. எங்கிருந்தாவது தண்ணீர் விட வேண்டும், இல்லை மீன்களைச் சாகவிட வேண்டும்.

கரையோரம் இரண்டு வாய்க்கால்கள் ஓடின. ஒன்றில் சாயப்பட்டறைக் கழிவு, மற்றதில் முலாம் பூசும் ஆலையின் கழிவு. அவன் அவசரப்படவில்லை. இரண்டு தண்ணீரையும் தனித்தனிப் பானையில் நிரப்பி, பானைக்கு ஐந்து கெண்டைக் குஞ்சுகளை விட்டான். எட்டு நாளாகியும் ஒன்றுகூடச் சாகவில்லை.

"ரெண்டையும் ஒரே பானையில ஊத்திப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி ஆரோக்கியசெல்வி.

"சாம்பார்ல ரசம் ஊத்துனா விஷமாயிடுமாடி? வந்துட்டா பெரிய டாக்டரம்மா!"

அவளும் சிரித்துவிட்டாள். அவன் இரண்டு மடைகளையும் திறந்தான்.

மறுநாள் காலை குளம் வெள்ளையாகத் தெரிந்தது. கிட்டே போனதும்தான் புரிந்தது. அத்தனையும் மல்லாந்து மிதந்த கெண்டைகளின் வயிறு! சாயக் கழிவின் அமிலம் பட்டதும், முலாம் கழிவில் அடங்கிக் கிடந்த சயனைடு விஷமாகக் கிளம்பிவிட்டிருந்தது.

ஓடிப்போய் மடைகளை அடைத்தான். காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

"நீ சொன்னே செல்வி. நான்தான் கேக்கலை."

அவள் தண்ணீரைக் காட்டினாள். ஒரு தாய் விரால் மட்டும் உயிரோடிருந்தது. மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்கிற மீன் அது. செத்து மிதந்த தன் சிவப்புக் குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றி வந்து காவல் காத்தது.

மரியசெல்வம் தண்ணீரில் இறங்கினான். விரால் சீறி வந்து அவன் காலைக் கடித்தது.

அவன் காலை எடுக்கவில்லை.