பட்டத்துக்கு முந்தின நாள்

போலோஞா நகரத்தை அசுந்தாவுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. எதை எடுத்தாலும் வெண்ணெயில் சமைக்கிற ஊர். நல்ல ஆலிவ் எண்ணெய் விளைகிற நாட்டில் இருந்துகொண்டு வெண்ணெயைக் கட்டி அழுகிறவர்களை என்ன சொல்வது? ஆனாலும் மகன் கோசிமோ அங்கே சட்டம் படித்தான், நாளைக் காலை பட்டம் வாங்குகிறான். அதனால் வாயை மூடிக்கொண்டு தெற்கே லெச்சேயிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே ரயிலேறி வந்துவிட்டாள். கணவன் ஒரோன்ஸோவும் அவன் தம்பிகளும் இன்றிரவு வண்டியில் கிளம்புகிறார்கள். ஊரில் முடிவெட்டுகிற கடைக்காரர்கூட இப்போதே, வக்கீல் எப்படி இருக்கிறார் என்றுதான் விசாரிக்கிறார்.

வந்த நேரத்திலிருந்து ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. விழா எத்தனை மணிக்கு, எந்தக் கூடத்தில் என்று கேட்டால் கோசிமோ பிடிகொடுக்கவில்லை. சாயங்காலம்தான் தெரியும் என்றான். பட்டம் வாங்கியவர் தலையில் சூட்டுகிற லாரல் இலை வளையத்துக்குப் பூக்கடையில் சொல்லிவிடலாமா என்றாள். நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றான். எந்த நண்பர்கள்? அறையில் கூட இருந்த பையன்கள் இருவருமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். இவன் மட்டும் கன்னம் ஒட்டிப்போய், அம்மா சுட்டுக் கொண்டுவந்த தராலி என்ற மொறுமொறு ரொட்டி வளையத்தை ஒரு கடி கடித்து மேசையில் வைத்தான். தராலியைப் பாதியில் வைக்கிற பிள்ளையை அவள் பெறவில்லை. கடைசி நேரப் பதற்றம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வேறு மாதிரி நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மதியம் இருவரும் வெளியே கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் குடை எதற்கு, தெருவெல்லாம் தூண் வைத்த தாழ்வாரம்தானே. பல்கலைக்கழகத் தெருவில் அன்று பட்டம் வாங்கிய பெண் ஒருத்தி இலை வளையத்தோடு நின்றாள். தோழிகள் இங்கத்து வழக்கப்படி அவளைச் சுற்றிக் கெட்ட வார்த்தைப் பாட்டுப் பாடி, வாயில் மதுவை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோசிமோ தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டான்.

ஊர் நடுவே நிற்கிற பழைய இரட்டைக் கோபுரங்களுக்குக் கீழே வந்ததும் அசுந்தா அண்ணாந்து பார்த்து, இது ஒன்றுதான் பாக்கி, நாளைக்கு அப்பாவோடு சேர்ந்து ஏறலாம் என்றாள்.

"நாளைக்கு எதுக்கும்மா? இப்பவே ஏறலாம் வா."

சொல்லிவிட்டுச் சீட்டு வாங்கப் போய்விட்டான். பட்டம் வாங்குவதற்கு முன்னால் உயரமான அந்தக் கோபுரத்தில் ஏறினால் பட்டமே கிடைக்காது என்பது இந்த ஊர் மாணவர்களின் நம்பிக்கை. அதை அவளுக்குச் சொன்னதே இவன்தான். முதல் வருஷம் அவனோடு அவள் ஏற ஆசைப்பட்டபோது, எனக்குப் பட்டம் வேணுமா வேண்டாமா என்று சண்டை பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நாளைக்குப் பட்டம் வாங்குகிறவன் இன்றைக்கு எப்படி ஏறுவான்?

பட்டமே இல்லாதவன் ஏறுவான்.

டிவியில் அவ்வப்போது காட்டுகிற செய்திதான். எழுதாத பரீட்சையை எழுதியதாகப் பொய் சொல்லி, பொய்க்கு மேல் பொய் அடுக்கி, குடும்பம் புதுத்துணி உடுத்திக்கொண்டு வரும் நாளில் உயிரை விட்ட பிள்ளைகள். அந்தத் தாய்மார்களை அசுந்தா வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள். பெற்றவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று. இப்போது அந்தப் பேச்செல்லாம் அவள் பக்கமே திரும்பியது.

அதற்குள் அவன் உள்ளே நுழைந்துவிட்டான். அவள் ஓடிப்போய் அவன் கோட்டின் பின்பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மரப்படிகள், ஓர் ஆள் போகிற அகலம். அவன் வேகமாக ஏறினான். பாதி வழியில் அசுந்தா, தன் பெருத்த உடம்பைப் படியின் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டாள். கோட்டை இழுத்த இழுப்பில் அவனும் உட்கார்ந்தான்.

"வழியை மறிக்கிறம்மா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். எத்தனை பரீட்சை பாக்கி?"

அவன் படியையே பார்த்தான். "மூணாவது வருஷத்துக்கப்புறம் ஒண்ணும் எழுதலம்மா."

ஒவ்வொரு பரீட்சைக்கும் போன் செய்து மார்க்கு சொன்னான். ஒவ்வொரு மார்க்குக்கும் அவள் புனிதருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள், தெருவுக்கே இனிப்பு கொடுத்தாள். பளாரென்று ஒன்று வைக்கக் கை பரபரத்தது. ஆனால் அந்தக் கையில் அவன் கோட்டு இருந்தது. விடத் துணிவு வரவில்லை.

"மேல போய் என்ன பண்றதா இருந்த?"

"தெரியலம்மா. நாளைக்கு அப்பா முகத்தைப் பாக்க நான் இருக்கக்கூடாதுன்னு மட்டும் தோணுது."

கீழ்ப்படியில் நின்ற வெளிநாட்டுக்காரர், உதவிக்கு யாரையாவது கூப்பிடவா என்று சைகையில் கேட்டார். கொஞ்சம் பொறு ஐயா என்று தன் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டு அசுந்தா இடது கையால் ஒரோன்ஸோவுக்குப் போன் போட்டாள். அவன் எடுத்ததும் எடுக்காததுமாக, நீலக் கோட்டை மடித்து வைப்பதா, போட்டுக்கொண்டே வருவதா என்று கேட்டான்.

"கோட்டெல்லாம் வேண்டாம். உன் தம்பிங்களும் வேண்டாம். நீ மட்டும் வா."

விழா தள்ளிப்போய்விட்டதா என்றான்.

"விழாவே இல்ல ஒரோன்ஸோ. பட்டம் இல்ல. பையன் இருக்கான். கையில பிடிச்சுக்கிட்டுதான் பேசறேன்."

கத்தப்போகிறான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"போனை வெச்சிடாதே," என்றான் ஒரோன்ஸோ. "அவன்கிட்ட குடு. நான் வந்து சேர்ற வரைக்கும் அவன் வெக்கக்கூடாது."

அவள் போனை மகன் காதில் வைத்தாள். கோசிமோ அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இரவு வண்டிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. ஆனால் லெச்சேயில் ஒரோன்ஸோ அப்போதே வீட்டுக் கதவைப் பூட்டுகிற சத்தம் அவளுக்கும் கேட்டது.