கோமு மாமியும் குட்டை ஸ்பிரிங்கும்

“என்னை என்ன அரிசி மூட்டைன்னு நெனச்சியா? ஒரு பொம்மனாட்டியோட எடையைக் கேக்க எத்தனை தைரியம் இருக்கணும் உனக்கு!”

“மாமி, சத்தம் போடாதிய. உங்களுக்குப் பதிலா மூட்டையத்தான் வைக்கப் போறேன். எத்தனை கிலோ வைக்கணும்னு தெரியாண்டாமா?”

வண்ணார்பேட்டையில் செல்வமணியின் கார்ப் பட்டறைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு இந்தச் சண்டையைக் கேட்டார்கள். கோமு மாமிக்கு இயல்பாகவே வெண்கலக் குரல். கோபம் வந்துவிட்டால் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும்.

விஷயம் இதுதான். மாமியின் தம்பி பிள்ளை ஹரிநாராயணன், பழைய மாருதி ஒன்றை வாங்கி அதன் மேல் உயிரை வைத்திருந்தான். கோயம்புத்தூருக்குப் போனவன் அங்கே எவனோ பந்தயக்கார் ஓட்டுகிறவன் பேச்சைக் கேட்டு, வண்டிக்குக் குட்டை ஸ்பிரிங் மாட்டிக்கொண்டு வந்தான். வண்டி இரண்டு அங்குலம் தாழ்ந்தது. அவனுக்கு அது சிறுத்தை மாதிரி பதுங்கித் தெரிந்தது. தெருக்காரர்களுக்கோ முட்டையிட உட்கார்ந்த கோழி மாதிரி இருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு ‘கர்ர்ர்’ என்று தேயும். ஹரி ஆபீஸிலிருந்து வந்துவிட்டான் என்பதைத் தெருவே அந்தச் சத்தத்தில்தான் தெரிந்துகொள்ளும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சியில் பெண் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஸ்வாமிநாதனின் பெண் மஹாலக்ஷ்மி. ஹரிக்கு ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இந்த இடத்தைப் பிடித்ததே மாமிதான். “பையன் சொந்தக் கார்ல உங்காத்து வாசல்லயே வந்து இறங்குவான்” என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். அந்தத் தெருமுனையில் வாய்க்காலைத் தாண்ட ஒரு மேடு இருக்கிறது. இது தட்டினால், அதே பெண்ணைப் பார்க்க அடுத்த ஞாயிறு ஒரு பெங்களூர் மாப்பிள்ளை வரக் காத்திருக்கிறான். மாமிக்குத் தூக்கம் போயிற்று.

பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடலாம் என்றான் செல்வமணி. “அதுக்கு நான் மாட்டு வண்டியிலயே போவேன்” என்றான் ஹரி. கடைசியில், ஸ்பிரிங்குக்கு மேலே ரப்பர் வளையம் வைத்து வண்டியைக் கொஞ்சமாக உயர்த்துவது என்று முடிவாயிற்று. எத்தனை வளையம் என்பதுதான் கேள்வி. ஹரி தனியாகப் பஸ்ஸில் போய், பள்ளிக்கூட ஸ்கேலால் அந்த மேட்டை அளந்துவிட்டே வந்திருந்தான். ஐந்தரை அங்குலம்.

“ஆள் ஏறினா வண்டி அமுங்கும். போற அஞ்சு பேர் பாரத்தையும் வச்சு அளந்தாத்தான் சரியா வரும்” என்றான் செல்வமணி. எல்லோரும் எடையைச் சொன்னார்கள். மாமியின் முறை வந்தபோதுதான் பட்டறையில் மேற்படி ரகளை.

“ஐம்பத்தஞ்சு” என்றாள் கடைசியில், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

செல்வமணி மாமியை மேலும் கீழும் பார்த்தான். “நெசமாவா மாமி?”

“ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருக்கும்.”

ஜங்ஷன் எடை மெஷின் போன மாதம்தான் எழுபத்தொன்பது என்று அட்டை துப்பியிருந்தது. மெஷின் ரிப்பேர் என்று மாமி அதைக் கிழித்துப் போட்டிருந்தாள்.

மூட்டைகளை ஏற்றி, வளையங்களைப் போட்டு, செல்வமணி டேப் பிடித்தான். அடிவயிற்றுக்கும் தரைக்கும் ஆறு அங்குலம். “அரை அங்குலந்தான் மிச்சம் இருக்கு. இன்னொரு வளையம் போடட்டா சார்?”

“போதும், அழகு போயிடும்” என்றான் ஹரி.

ஞாயிற்றுக்கிழமை ஹரி ஓட்ட, அவன் அப்பா முன்னால் உட்கார, அம்மா, கோமு மாமி, வாய் திறந்தே பழக்கமில்லாத அவள் வீட்டுக்காரர் மூவரும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பினார்கள். தெருமுனையில் முன் சக்கரங்கள் மேட்டைத் தாண்டின. பிறகு ஒரு ‘டங்க்’. வண்டி வயிற்றை மேட்டின் மேல் வைத்துக்கொண்டு ஊஞ்சலாடியது. முன் சக்கரம் சுற்றிய சுற்றில் புழுதி கிளம்பிற்று. அத்தனை ஜன்னலிலும் தலைகள்.

அப்பா இறங்கினார். அம்மா இறங்கினாள். வாய் திறக்காதவரும் இறங்கினார். வண்டி அசையவில்லை; மேடு மாட்டியிருந்தது மாமி உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே. மாமி மட்டும் தேரில் அமர்ந்த அம்பாளைப் போல நகராமல் இருந்தாள். அவள் இறங்கிய கணத்தில் வண்டி எழும்பினால் ஊர் என்ன கணக்குப் போடும்?

ஸ்வாமிநாதன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

“மெக்கானிக் பய கணக்குல கோட்டை விட்டுட்டான் மாமா” என்றான் ஹரி, வேர்த்துப்போய்.

“அளக்கத் தெரியாதவன்கிட்ட வண்டியைக் குடுத்து, அதுல பெரியவாளையும் ஏத்திண்டு வந்தேளா?”

அந்தக் குரலில் மாமிக்குப் பெங்களூர் மாப்பிள்ளை தெரிந்தான். கதவைத் திறந்தாள்.

“அவன் மேல தப்பில்லை. நான்தான் பொய் சொன்னேன். ஐம்பத்தஞ்சு இல்லை, எழுபத்தொன்பது!”

வெண்கலக் குரலாயிற்றே, வாய்க்கால் நெடுகக் கேட்டது. மாமி இறங்கினாள். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு எழும்பி, மெல்ல மேட்டைத் தாண்டி இறங்கிற்று.

பிறகு ஒரு சிரிப்பு. மஹாலக்ஷ்மிதான். பட்டுப்புடவையோடு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அம்மா, அன்னிக்கு ஸ்கேலை வச்சு ரோட்டை அளந்துண்டு இருந்தாரே, பொதுப்பணித் துறைன்னு நெனச்சோமே, அவர்தான்!”

உள்ளே சொஜ்ஜி பஜ்ஜி வந்தது. ஸ்வாமிநாதன் ஜாதகத்தைப் பிரித்தார். “பையனுக்கு இருபத்தொன்பது, இல்லையா?”

ஹரி மாமியைப் பார்த்தான். அந்த இருபத்தொன்பதும் மாமியின் கைங்கரியம்தான். இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டதோ என்னவோ, “முப்பத்திரண்டு மாமா” என்றான்.

மாமி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்வாமிநாதன் ஜாதகத்தை மடித்துத் தாம்பாளத்தில் வைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார். “எங்காத்துப் பொண்ணுக்கும் இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கு. நெஜத்துல இருபத்தெட்டு. அப்ப எல்லாம் சரியாத்தானே வரது?”

“பேஷாச் சரியா வரது” என்றார், வாழ்க்கையில் முதல்முறையாக முந்திக்கொண்டு, மாமியின் வீட்டுக்காரர்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பெங்களூர் மாப்பிள்ளை வீரவநல்லூரில் பெண் எடுத்தான். செல்வமணி சாத்தான்குளத்து இசக்கித்தாயைக் கட்டிக்கொண்டு, பட்டறையைக் கங்கைகொண்டானுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். ஹரிக்குப் பூனாவுக்கு மாற்றல் வந்தது. மஹாலக்ஷ்மி அங்கேயே வேலை தேடிக்கொண்டாள். ஹரி இல்லாத ஊரில் இருந்து என்ன செய்ய என்று அடுத்த வருஷமே மாமியும் வீட்டுக்காரரோடு பூனாவுக்கு ரயிலேறினாள். மாமி இருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ரொம்ப அமைதியான மனிதர்கள், தெருவுக்குப் பேசிச் சிரிக்கவே வழியில்லை.