ஓங்கிய கை

கிடங்குக் காவலாளியின் வலது கை, அவர் மகளுக்கு நாலு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது அந்தரத்தில் நின்றது. பதினாறு வருஷமாகிறது, இன்னும் இறங்கவில்லை.

இரவுக் காவல் என்பதால் அவர் பகலில் தூங்குகிறவர். வீடோ ஒரே அறை. தூக்கம் கலைந்தால் கைக்கு அகப்பட்டது பறக்கும், எதிரே அகப்பட்டவர்மேல் அடி விழும். சட்டைக் கம்பெனிக்குப் பித்தான் தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி, குக்கர் விசிலடிக்குமுன் அடுப்பை அணைத்து, வருஷக்கணக்கில் அரைவேக்காட்டுச் சோறே போட்டாள். மகளிடம் நாளைக்கு நூறு தரம், "பொறு கண்ணு" என்றாள். கண்ணும் பொறுத்தது. முதலில் தும்மலை, பிறகு விக்கலை, பசியை, மூத்திரத்தை. மூன்று வயது முடிவதற்குள், அவள் மூச்சைப் பிடித்தால் பொங்குகிற பால் பாத்திர விளிம்பில் நின்றது, குழாய்ச் சொட்டு பாதி வழியில் தொங்கியது. தெருவே அவளைச் சமத்து என்று கூப்பிட்டது.

ஒருநாள் பித்தான் டப்பா கவிழ்ந்தது. காவலாளி எழுந்து மனைவிமேல் கையை ஓங்கினார். சமத்து மூச்சைப் பிடித்தாள். கை நின்றது. எண்ணெய் தடவினார், சுமைதூக்கிகள் இருவரைத் தொங்கவிட்டுப் பார்த்தார், ம்ஹூம். கிடங்கு முதலாளி அதைத் தனக்கு வைக்கும் சல்யூட் என்று எண்ணிப் பூரித்துப்போனார். மனைவி அதில் ஈரத்துண்டு காயப்போட்டாள், குக்கரை மூன்று விசில் விட்டாள். இனி என்ன பயம் என்று அங்கேயே இருந்தும்விட்டாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓட, சமத்து சுவரோரம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மூன்று தெரு தள்ளியிருந்த அப்பாவின் கையை. டீச்சர் மெச்சிப் பரிசு கொடுத்தார். ஆறு வயதில், அடக்கி அடக்கிச் சிறுநீர்க் காய்ச்சல் கண்டது. "அடக்குறத முதல்ல நிறுத்தச் சொல்லும்மா" என்றார் நர்ஸ். தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. ஊரின் மறுகோடியில் ஓர் அறை பிடித்து, மகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே விட்டுடு கண்ணு. நாமதான் இங்க வந்துட்டோமே."

சமத்து மடியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். "நான் விட்டா அது யாரு மேல விழும்மா?"



சமத்துக்கு இப்போது இருபது வயது. சிரிப்பு வந்தால் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள். பழைய வீட்டருகே காவலாளி ஓங்கிய கையோடு தெருமுனைக்கு வந்தால் பஸ்கள் நின்றுவிடுகின்றன; அவர் ஏறமாட்டார் என்று தெரிந்தும், ஓட்டுநர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.