மேல் வரிசைச் செங்கல்

ஐப்பசி மழையில் தறிப்பள்ளத்தின் அடியில் மறுபடியும் நீர் கசிந்தது. ஈரம் ஏறி, தறியில் புதிதாகப் பூட்டியிருந்த பட்டுப் பாவு நூல் தொய்ந்துபோனது. கொத்தனார் தேவசகாயத்தை அம்சா கூப்பிட்டாள்.

"மண்ணக் கொட்டி மூடிட்டா தொல்ல தீந்துச்சு" என்றார் அவர்.

"மூடறதுக்கு நீங்க எதுக்கு? இனிமே நான்தான் நெய்யணும்."

"அப்ப உக்காந்து காட்டுமா. அளவு பாக்கணும்."

அம்சா விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டாள். மிதிகட்டை எட்டவில்லை. அது அவள் புருஷன் முனிசாமியின் நெட்டைக் காலுக்கு வெட்டிய பள்ளம். பம்பாய் மில்லுக்கு வேலை தேடிப் போனவன், இரண்டு தீபாவளியாக வரவில்லை. அவன் வந்ததும் உட்கார வேண்டுமே என்று அவள் தினமும் ஈரத்தை ஒற்றியெடுத்து, கரிச்சட்டி வைத்துப் பள்ளத்தைக் காயவைத்தாள். இன்றுவரை ஒருநாளும் அதில் அவள் உட்கார்ந்ததில்லை.

தேவசகாயம் மணலும் அடுப்புக்கரியும் பரப்பி, மேலே செங்கல் பாவிச் சுண்ணாம்பு பூசினார்.

"இனி ஈரம் ஏறாது. இதும்மேல இன்னொரு வரிசை வச்சு மிதிகட்டைய ஏத்திக் கட்டினா, உன் காலும் எட்டும்" என்று கரண்டியை எடுத்தார்.

அம்சா சுண்ணாம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மேல் வரிசைக்குப் பூசாதீங்க. சும்மா அடுக்குங்க."

"கல்லு ஆடுமேமா!"

"ஆடட்டும். அவரு வந்தா, அம்மாம் நீட்டுக் கால மடக்கிக்கினா நெய்வாரு?"