தட்டின் அடியில் பெயர்

வளைய அச்சில் பழச்சுளைகளோடு உறைந்த கிரேப்ஃப்ரூட் ஜெல்லி எளிதாகக் கழன்று வரட்டுமென்று, வெர்னா அதை அச்சோடு சுடுநீரில் கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்டாள். கவிழ்த்தபோது வளையம் நின்றது. தேவாலயத்தின் கீழ்த்தளத்து விருந்து மேசைக்கு வந்து சேர்வதற்குள் சரிந்து, சுளைகள் தட்டில் மிதந்தன. அமெரிக்காவின் மினசோட்டாவில் அந்தச் சபைப் பெண்களுக்கு 1957இல் ஜெல்லி சரியாமல் நிற்பதுதான் மானம்.

"இதென்னடி, பனி உருகின ஏரி மாதிரி? யாரோடது?" என்றாள் போதகரின் மனைவி இங்கெபோர்க். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆர்லீன் கொண்டுவந்ததா இருக்கும்," என்றாள் வெர்னா. ஆர்லீன் சபைக்குப் புதியவள்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், காப்பிக் கூஜாவோடு ஆர்லீன் பின்னால் நிற்கிறாள்.

அவள் வெர்னாவை ஒரு முறை பார்த்தாள். "ஆமாங்க, என்னோடதுதான். சுடுதண்ணில ரொம்ப முக்கிட்டேன். கரண்டி எதுக்கு, உறிஞ்சிக் குடிங்க."

மறுபடியும் சிரிப்பு. வெர்னாவுக்குக் காது மடல் எரிந்தது.

விருந்து முடிந்து ஆர்லீன் பாத்திரம் கழுவினாள். அங்கே ஒவ்வொரு தட்டின் அடியிலும் அதைக் கொண்டுவந்தவளின் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். வெர்னாவின் தட்டை அவள் துடைத்து, துண்டில் சுற்றி, யாரும் பார்க்காத நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பத்திரம்க்கா. ஈரத்துல பேரு உரிஞ்சிடும் போல."

இங்கெபோர்க் இன்னும் மேசையருகே நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெர்னா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள்.