ஏழு மில்லிமீட்டர்

பல் மருத்துவமனையில் காலையிலிருந்து பதினோரு வாய்களைச் சுத்தம் செய்திருந்தாள். பன்னிரண்டாவதாக நாற்காலியில் சாய்ந்தவர் அவள் கணவர். விளக்கை அவர் முகத்துக்கு நேராக இழுத்தபோது தோள்பட்டை விண்ணென்று தெறித்தது.

"வாயைத் திறங்க."

"வீட்டுல மூடுங்கிற, இங்க திறங்கிற" என்றார் தபால்காரரான கணவர்.

சிரிக்க அவளுக்குத் தெம்பில்லை. அவர் காலில் ரத்தக்குழாய் அடைப்பு. இரண்டு தெரு நடந்தால் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். நடக்க முடியாதவரைத் தபால் அலுவலகம் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்? அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த மருத்துவர், ஈறில் சீழைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார். "இதாலதான் அடைச்சுதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா நிறையப் பேருக்கு ரெண்டும் சேர்ந்துதான் வருது. ஈறுல இருக்கிற கிருமி, நாங்க வைக்கப்போற புதுக் குழாய்ல போய் உக்காந்துக்கக் கூடாது. முதல்ல வாயைச் சரி பண்ணுங்க."

அளவுக் கம்பியை ஈறுக்குள் விட்டாள். அளவுகளைக் குறித்துக்கொள்ளும் உதவியாளர் பெண் வீட்டுக்குப் போயிருந்தாலும் பழக்கத்தில் உரக்கவே சொன்னாள்.

"நாலு... ஆறு... ஏழு."

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். கம்பியை வெளியே எடுத்தாள்.

"கதவு நம்பர் மாதிரி சொல்றியே. ஏழாம் நம்பர் வீட்டுல நாய் இருக்கு, பாத்துப் போ."

"எத்தனை வருஷமா ரத்தம் வருது?"

அவர் விளக்கைப் பார்த்தார். "சிவப்பு பிரஷ் வாங்கினதுலேர்ந்து."

நான்கு வருடம். வெள்ளை வேண்டாம், சிவப்புதான் வேண்டும் என்று கடையில் குழந்தை மாதிரி அடம் பிடித்தாரே!

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நாள் பூரா ஊர் வாயைப் பாத்துட்டு வர்ற. 'வீட்டுல யாரும் பல்லைப் பத்திப் பேசாதீங்க'ன்னு நீதானே சொன்ன?"

சொன்னவள்தான். கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் கருவியை எடுத்தாள். இன்றைக்கு வாயில் கால் பங்குதான் சுத்தம் செய்ய முடியும். மீதிக்கு இன்னும் மூன்று நாள் வர வேண்டும்.

வேலை முடிந்து இருவரும் நடந்தார்கள். மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் அவர் நின்று, பையிலிருந்த மருந்துச் சீட்டை எடுத்துப் படிப்பதுபோல் பாவனை செய்தார். எத்தனை நாள் இதே இடத்தில் "ஆமை" என்று திட்டிவிட்டு முன்னால் போயிருக்கிறாள்!

"நீ போ, வரேன்."

அவள் போகவில்லை. கம்பத்தின் மறுபக்கம் சாய்ந்துகொண்டாள்.

"மெதுவாப் படிங்க. எனக்கும் கால் வலிக்குது."