அலமாரிக்கு முன்னால்

காலைக் காட்சிக்கு மொத்தமே இருபது பேர்தான். நான் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தேன். என்னை நானே பார்க்கப்போகிற படத்துக்கு ஓரத்திலா உட்காருவார்கள்? மாதா கோயில் திருவிழாவுக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தேன். நண்டு கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டபோதே எல்லாரிடமும் பெருமையடித்தாயிற்று, படத்தில் நான் வருகிறேன் என்று. பக்கத்தில் நின்று நண்டு உடைக்கிற ஜெனிலா, "செல்வியக்கா, ஒங்க வேசத்துல யாரு நடிக்கா?" என்று நாலு தடவை கேட்டாள். எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

படமாக எடுத்திருந்த நாவல் என் தங்கச்சி ரீனா எழுதியது. எங்கள் வீட்டுக் கதை. அம்மா உப்பளத்து வேலைக்காரி, வேற சாதி, நல்ல கறுப்பு. கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா ஆசைப்பட்டுத்தான் கட்டினார். அவர் வீட்டு ஆட்களோ சாகும்வரை அவளைப் பின்வாசல் தாண்ட விடவில்லை. அம்மா போனபின், அந்தக் கசப்பை எல்லாம் அப்பா எங்கள் மேல் இறக்கினார். நான் அம்மாவை உரித்து வைத்திருப்பேன். "உப்பளத்து மூஞ்சி" என்று சொல்லித்தான் பெல்ட்டை உருவுவார். ஆரம்பித்துவிட்டால் சிவத்த பிள்ளை ரீனாவையும் விடமாட்டார். அதனால் சத்தம் கேட்டதுமே அவளை அலமாரிக்குள் தள்ளிவிட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நிற்பேன். அவளுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. நாவலில் எனக்கு முப்பத்தெட்டு பக்கம். எண்ணியிருக்கிறேன்.

படத்தில் ஒரே பிள்ளைதான் இருந்தாள். அக்காக்காரி எங்கேயாவது விடுதியில் படிப்பாள், பிறகு வருவாள் என்று இடைவேளை வரைக்கும் கோட்டிக்காரி மாதிரி காத்திருந்தேன். சிவத்த பிள்ளை ஒருத்திக்குக் கறுப்பு பூசி நடிக்க விட்டிருந்தார்கள். காதுக்குப் பின்னால் பூச்சு எட்டவில்லை. என் நிறம் வேண்டியிருந்திருக்கிறது, நான்தான் வேண்டாம். வந்த ஆத்திரத்தில் பாப்கார்ன் பொட்டலத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

இடைவேளைக்கு அப்புறம் அலமாரி வந்தது. அந்தப் பிள்ளை தானாகவே உள்ளே போய் ஒளிந்தாள். கதவுக்கு முன்னால் யாருமில்லை. அப்பா நேரே வந்தார், திறந்தார். முன்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். எனக்கு அழுகை வரவில்லை. அவர் எப்படித் திறக்கலாம் என்பதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

படம் விட்டு வெளியே வந்ததும் சென்னையிலிருந்து ரீனா கூப்பிட்டாள்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"ரெண்டு பிள்ளைய வச்சா கதை செதறிரும்னு டைரக்டர் ஒத்தக்கால்ல நின்னாரு, அக்கா. ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல."

"ஏளா, அப்பா அந்தக் கதவ ஒரு நாளும் தொறந்ததில்ல."

யாரோ அவளைப் போட்டோவுக்குக் கூப்பிடுவது கேட்டது.

"தெரியும்க்கா."

"ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

மறுபடியும் அவளைக் கூப்பிடுகிற சத்தம். "போ, கூப்பிடுதாங்க," என்று வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது ஜெனிலாவின் மெசேஜ் வந்தது: "அக்கா, நாங்க ஞாயித்துக்கெழம போறோம். நீங்க எந்த எடத்துல வாரிய?" என்ன எழுதுவது? அழித்து அழித்து எழுதி, கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை.

வீட்டில் அந்த அலமாரி இன்னும் இருக்கிறது. என் துணிகளை அதில்தான் வைத்திருக்கிறேன். சேலையைக்கூட மாற்றாமல் போய், கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். அன்றைக்குப் பிடரியில் இடித்துக்கொண்டிருந்த கைப்பிடி இப்போது நடுமுதுகில் இடித்தது. கட்டில்மேல் ஃபோன் அடித்தது. ரீனாவாக இருக்கும். கதவை விட்டு நகரவில்லை நான்.